உயிர்களுக்காகச் சட்டம் செய்த அசோகர்

விலங்குகளைக் கொல்வதற்கும் விற்பதற்கும் வரம்பு விதித்துப் பேரரசர் ஒருவர் பிறப்பித்த ஆணை, அவர் காலத்திலேயே பொறிக்கப்பட்ட கல்லில் இன்றும் நிற்கிறது. தில்லியில் பிரோஸ் ஷா கோட்லா என்ற பழைய கோட்டையின் இடிபாடுகளுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் ஒற்றைக்கல் தூணில் அதைக் காணலாம். ஆணையிட்டவர் மௌரிய மன்னர் அசோகர். அவர் முடிசூடி 26 ஆண்டுகள் நிறைந்தபின், ஏறத்தாழ கி.மு. 243-ஐ ஒட்டி அது வெளியாயிற்று. கலிங்கப் போரையும் அதன்பின் நேர்ந்த மனமாற்றத்தையும் பள்ளிக் குழந்தைகளும் அறிவார்கள். அந்த மனமாற்றம் சட்டமாக உருப்பெற எவ்வளவு காலம் பிடித்தது, அச்சட்டம் எவற்றைக் காத்தது, எவற்றைக் காவாது விட்டது, தம் சட்டத்தைப் பற்றி மன்னரே முடிவில் என்ன கருதினார் என்பவை அந்த அளவுக்கு எடுத்துச் சொல்லப்படுவதில்லை.

இளமைக் காலம்

சந்திரகுப்த மௌரியரின் பேரர், பிந்துசாரரின் மைந்தர் அசோகர். அவரது இளமையைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் இலங்கையின் பாலி வரலாற்று நூல்களிலும் வடமொழி நூலான அசோகாவதானத்திலும் வருபவை. உஜ்ஜயினியில் அரசப் பிரதிநிதியாக இருந்தார், விதிசையில் ஒரு வணிகரின் மகளான தேவியை மணந்தார், மகேந்திரரும் சங்கமித்திரையும் அவர்களுக்குப் பிறந்தனர் என்று இலங்கை நூல்கள் கூறும். தட்சசீலத்தில் எழுந்த கலகத்தை அடக்க அனுப்பப்பட்டார் என்பது அசோகாவதானம் தரும் செய்தி. உடன்பிறந்தோர் 99 பேரைக் கொன்று அரியணை ஏறினார் என்ற கதையும் உண்டு. ஆனால் அவர் முடிசூடிப் பல ஆண்டுகளுக்குப் பின் வெட்டப்பட்ட பாறைச் சாசனம் ஒன்று, தம் சகோதர சகோதரியரின் இல்லங்களில் அதிகாரிகள் ஆற்ற வேண்டிய பணியைப் பேசுகிறது. கொடியவன் நல்லவனான கதையைச் சொல்பவர்கள் முதற்பாதியைச் சற்றுக் கருமையாகத் தீட்டுவது வழக்கம்தான். கல்வெட்டுகள் காட்டும் அசோகர் அந்தக் கதை மாந்தரைவிட நம்பத்தக்கவர்.

கருவூலத்தில் தோல்கள்

அவர் வளர்ந்த பாடலிபுத்திரத்தின் செல்வம் எவற்றால் ஆனது என்பதை அறியக் கௌடில்யரின் பெயரில் வழங்கும் அர்த்தசாஸ்திரம் துணைபுரியும். அதன் இன்றைய வடிவம் மௌரியருக்குப் பிற்பட்டது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதினாலும், அதிலுள்ள ஆட்சி வழக்கங்கள் பல பழமையானவை. கருவூலத்தில் சேர்க்கத்தக்க உயர்ந்த பொருட்களை அந்நூல் வரிசைப்படுத்துகிறது. முத்து, மணி, வைரம், பவளம், சந்தனம், அகில் ஆகியவற்றை அடுத்து வருபவை விலங்குத் தோல்கள். ஒவ்வொரு தோலும் எந்த நாட்டிலிருந்து வருகிறது, எத்தனை விரற்கடை நீளம் உடையது, மயிலின் கழுத்தைப் போன்ற நிறமா, நீலமும் மஞ்சளும் வெண்மையும் கலந்த கோடுகளும் புள்ளிகளும் உடையதா என்றெல்லாம் இரத்தினம் மதிப்பிடுபவரின் நுணுக்கத்தோடு கூறுகிறது. வடமேற்கே பாஹ்லவ நாட்டிலிருந்து வரும் சாமூரம் என்ற தோல் மை நிறம் உடையதாம். சிறந்த தோலுக்கு இலக்கணமும் தரப்பட்டுள்ளது: மென்மையும் வழவழப்பும் அடர்ந்த ரோமமும் உடையதே சிறந்தது. ஆக, இங்கே பேசப்படுவது செருப்புத் தைக்கும் தோல் அன்று. ரோமத்தோடு உரித்தெடுத்து, செல்வர்கள் போர்த்தவும் விரிக்கவும் வாங்கிய விலையுயர்ந்த சரக்கு.

இமயத்தை நோக்கிச் செல்லும் வணிகப் பாதை சிறந்ததா, தெற்கே செல்லும் பாதை சிறந்ததா என்ற வாதமும் அந்நூலில் வருகிறது. யானை, குதிரை, வாசனைப் பொருள், தந்தம், தோல், வெள்ளி, பொன் ஆகியவை வடக்கில் மிகுதி என்பர் பழைய ஆசிரியர்கள். கம்பளம், தோல், குதிரை ஆகிய மூன்றை நீக்கினால், சங்கு, வைரம், மணி, முத்து, பொன் என மற்றவற்றில் தெற்கே வளமானது என்று கௌடில்யர் விடையிறுக்கிறார். தோல் வணிகத்தில் மட்டும் வடக்கின் மேன்மையை அவரும் மறுக்கவில்லை. குளிர் மிகுந்த மலைநாட்டு விலங்கின் ரோமமே அடர்த்தியாக வளரும் என்பது வணிகர் எவருக்கும் தெரிந்த உண்மை.

உயிர்களைக் காக்கும் விதிகள் அக்காலத்தில் அறவே இல்லாமலும் இல்லை. இறைச்சிக் கூடத்தைக் கண்காணிக்க ஓர் அதிகாரி உண்டு. கன்றையும் காளையையும் கறவைப் பசுவையும் கொல்வது குற்றம். தண்டம் 50 பணம். சரணாலயங்களில் அடைக்கலம் பெற்ற விலங்குகளைப் பிடித்தாலோ கொன்றாலோ தண்டம் அதனினும் கடுமையானது. புதிதாக வென்ற நாட்டில் மன்னன் மக்களின் மனத்தைக் கவரச் செய்ய வேண்டியவற்றுள், சாதுர்மாஸ்ய காலங்களில் அரைமாதமும், பௌர்ணமிகளை ஒட்டி நான்கு இரவுகளும், அரசனுக்கும் நாட்டுக்கும் உரிய நட்சத்திரங்களில் ஓர் இரவும் கொலையை நிறுத்தி வைப்பதும் ஒன்று. பெண் விலங்குகளையும் குட்டிகளையும் கொல்வதையும், காயடிப்பதையும் தடுக்க வேண்டும் என்றும் அந்நூல் சொல்கிறது. அரசதந்திர நூல் ஒன்றில் ஆதாயம் கருதிச் சொல்லப்பட்ட இந்த விதிகளை அசோகரின் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு வியப்புக் காத்திருக்கிறது. நாட்கள் ஏறத்தாழ ஒன்றே, நோக்கம் வேறு.

கலிங்கமும் மடைப்பள்ளியும்

முடிசூடி எட்டு ஆண்டுகள் நிறைந்தபின் அசோகர் கலிங்கத்தை வென்றார். 1,00,000 பேர் கொல்லப்பட்டனர், 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டனர், மடிந்தோர் அதைப்போல் பன்மடங்கு என்று அவரே கல்லில் கணக்கு எழுதினார். வென்ற மன்னன் தன் வெற்றியைப் பெருமைக்காக எழுதுவான். இவர் துயரத்தோடு எழுதினார். அச்செய்தி நன்கு அறியப்பட்டதாதலால் இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அந்தப் பாறைச் சாசனம் மனிதரின் மரணத்தைப் பற்றியது. விலங்குகளின் பக்கம் மன்னரின் கருணை திரும்பியது படிப்படியாக நடந்தது.

முடிசூடிப் பத்து ஆண்டுகள் ஆனபோது அவர் போதி மரம் இருந்த இடத்திற்குச் சென்றார். அதுவரை மன்னர்கள் பொழுதுபோக்காகச் செய்துவந்த உலாக்களில் வேட்டை முதலிடம் பெற்றிருந்தது. அவற்றுக்குப் பதிலாக அறவோரையும் முதியோரையும் கிராம மக்களையும் சந்திக்கும் தர்ம யாத்திரைகளை அசோகர் மேற்கொண்டார். ஏறத்தாழ அதே காலத்தில், இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள கந்தஹாரில் கிரேக்க மொழியிலும் அரமேய மொழியிலும் ஒரு கல்வெட்டு வெட்டப்பட்டது. மன்னர் உயிர்களை உண்பதைத் தவிர்க்கிறார், பிறரும் அவ்வாறே செய்கின்றனர், அரசாங்க வேடர்களும் மீனவர்களும் தம் தொழிலை விட்டனர் என்பது அதன் சாரம். விட்டபின் அவர்கள் எதைக்கொண்டு பிழைத்தனர், வலையும் வில்லும் என்ன ஆயின என்பதைக் கல் கூறவில்லை. ஒரு தொழிலைத் தடுக்கும் சட்டம் அத்தொழிலால் வாழ்ந்தவனின் அடுப்பையும் தொடுகிறது. எந்தக் காலத்திலும் இத்தகைய சட்டங்களைச் செய்வோர் இதை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

பாறைச் சாசனங்களில் முதலாவது, மன்னரின் சொந்த மடைப்பள்ளியைப் பற்றியது. முன்பு நாள்தோறும் இலட்சக்கணக்கான உயிர்கள் குழம்புக்காகக் கொல்லப்பட்டன என்றும், சாசனம் எழுதும் வேளையில் அது மூன்றாகக் குறைந்துவிட்டது என்றும் அது அறிவிக்கிறது. இரண்டு மயில், ஒரு மான். மான் எல்லா நாளும் இல்லை. இந்த மூன்றும் இனிக் கொல்லப்படமாட்டா. பேரரசர் ஒருவர் தம் சாப்பாட்டுக் கணக்கை நாடறியப் பாறையில் எழுதி வைத்தது விந்தையே. அதைவிட விந்தை, இன்னும் நிறுத்தவில்லை என்று ஒப்புக்கொண்டது. மயிலிறைச்சியின் சுவையை அவர் ஒரே நாளில் துறந்துவிடவில்லை. எல்லாவற்றையும் துறந்துவிட்டதாக எழுதியிருந்தாலும் அவரை மறுத்துச் சொல்ல எவருக்கும் துணிவு இருந்திராது. அந்த இரண்டு மயில்களையும் ஒரு மானையும் மறைக்காமல் எழுதிய நேர்மையால்தான் சாசனத்தின் மற்ற வரிகளையும் நம்ப முடிகிறது.

அதே சாசனம், இங்கே எந்த உயிரையும் பலியிடக் கூடாது என்றும் ஆணையிட்டது. இங்கே என்ற சொல் அரண்மனையைக் குறிக்குமா, தலைநகரைக் குறிக்குமா, நாடு முழுவதையும் குறிக்குமா என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. அடுத்த சாசனத்தில் மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் ஏற்படுத்தியதைக் குறிப்பிடுகிறார். தம் ஆட்சிக்கு வெளியே இருந்த சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் தாமிரபரணியிலும் மூலிகைகள் கொண்டுவந்து நடச்செய்ததாகக் கூறும் வாசகம் அதில் உள்ளது. அந்நாடுகளில் அவர் ஆணை செல்லாது, மருந்து சென்றது.

இருபத்தாறாம் ஆண்டின் ஆணை

இவ்வாறு தம் வேட்டையிலும் உணவிலும் தொடங்கிய மன்னர், மற்றவர்களின் செயலுக்குப் பொதுவான வரம்பு விதிக்கப் பல ஆண்டுகள் பொறுத்திருந்தார். அந்த வரம்பே ஐந்தாம் தூண் சாசனம். தில்லி, அலகாபாத், வட பிகாரின் லௌரியா நந்தன்கர், லௌரியா அரராஜ், ராம்பூர்வா முதலிய இடங்களின் தூண்களில் அது காணப்படுகிறது.

கிளி, மைனா, சக்கரவாகம், அன்னம், வௌவால், அரசி எறும்பு, ஆமை, முள்ளில்லாத மீன், முள்ளம்பன்றி, காட்டுப் புறா, ஊர்ப் புறா என்று பட்டியல் நீள்கிறது. சில பெயர்கள் எந்த விலங்கைக் குறிக்கின்றன என்று இன்று திட்டமாகக் கூற இயலாத அளவுக்கு அது நுட்பமானது. பட்டியல் முடிந்ததும், பயன்பாட்டுக்கு வராதவையும் உண்ணப்படாதவையுமான நாற்கால் விலங்குகள் அனைத்தும் காக்கப்பட வேண்டும் என்கிறது. சினையாகவோ பால் கொடுத்துக்கொண்டோ இருக்கும் வெள்ளாடு, செம்மறியாடு, பன்றி ஆகியவற்றைக் கொல்லலாகாது. ஆறு மாதம் நிறையாத அவற்றின் குட்டிகளையும் கொல்லலாகாது. சேவலைக் காயடிக்கக் கூடாது. உயிர்கள் ஒளிந்திருக்கும் உமியைக் கொளுத்தக் கூடாது. காரணமின்றியோ உயிர்களை அழிப்பதற்காகவோ காட்டுக்குத் தீ வைக்கக் கூடாது. ஓர் உயிருக்கு மற்றோர் உயிரை இரையாக இடக் கூடாது.

உமிக்குவியலுக்குள் ஊரும் பூச்சியைப் பற்றி யோசித்து ஒரு பேரரசர் சட்டம் எழுதியிருக்கிறார். அறுவடை முடிந்த களத்தில் ஒருமுறையேனும் நின்று பார்த்தவர்தான் இதை எழுதியிருக்க முடியும்.

அடுத்து நாட்கள் வருகின்றன. மூன்று சாதுர்மாஸ்யப் பௌர்ணமிகள், பூச நட்சத்திரத்தை ஒட்டிய பௌர்ணமி ஆகியவற்றில் மும்மூன்று நாட்களும், உபவாச நாட்களிலும் மீனைக் கொல்லக் கூடாது, விற்கவும் கூடாது. அந்நாட்களில் யானைக் காடுகளிலும் மீனவர்களின் நீர்நிலைகளிலும் வாழும் பிற உயிர்களையும் கொல்லக் கூடாது. வேறு சில திதிகளிலும் பூசம், புனர்பூச நாட்களிலும் காளை, ஆட்டுக்கடா, பன்றி முதலியவற்றைக் காயடிக்கக் கூடாது. பூசத்திலும் புனர்பூசத்திலும் குதிரைக்கும் காளைக்கும் சூட்டுக்குறி இடக் கூடாது.

விற்கவும் கூடாது என்ற அந்தச் சிறு தொடரில் ஒரு பெரிய அறிவு அடங்கியிருக்கிறது. கொல்வதை மட்டும் தடுத்திருந்தால், முந்திய நாளே பிடித்து வைத்துப் பௌர்ணமியன்று சந்தையில் விற்றுவிடலாம். ஆற்றங்கரைதோறும் காவல் வைப்பது எந்த அரசுக்கும் இயலாது. சந்தையில் காவல் வைப்பது எளிது. வாங்குவார் இல்லாத இடத்தில் கொல்வாரும் இல்லாமற் போவர் என்பதை வள்ளுவரும் புலால் மறுத்தல் அதிகாரத்தில் சுட்டிக் காட்டுகிறார். கொலையைச் செய்பவனோடு வாங்குபவனும் விற்பவனும் உண்பவனும் பங்காளிகளே என்று மனுஸ்மிருதியும் கூறுகிறது. அறநூல்கள் பாவக் கணக்காகக் கூறிய ஒன்றை அசோகர், மீனைப் பொறுத்தவரை, ஆட்சி விதியாக்கினார்.

பயன்படும் விலங்குகள்

ஆயினும் அச்சட்டத்தில் ஒரு வாயில் திறந்தே இருக்கிறது. பயன்பாட்டுக்கு வராத நாற்கால் விலங்குகளே பொதுவாகக் காக்கப்பட்டன. அப்படியானால் பயன்பாட்டுக்கு வருபவை எவை? ஊர்தியாக, ஏர் இழுக்க, பால் தர உதவுபவை ஒருபுறம் இருக்க, கொன்றால் தோலும் ரோமமும் கொம்பும் தருபவையும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடும். கருவூலத்தில் முத்துக்கும் சந்தனத்துக்கும் அடுத்த இடம் பெற்றிருந்த மலைநாட்டு விலங்குகள் இந்தப் பொதுக் காவலுக்கு வெளியே நின்றன. புலியும் சிறுத்தையும் பட்டியலில் இல்லை. உயிர்களை இவ்வளவு நுணுக்கமாக எண்ணிய மன்னரின் ஆணை, உயிரின் மதிப்பை மனிதனுக்கு அதனால் விளையும் பயனைக் கொண்டு அளக்கும் பழைய கோலை முற்றிலும் கைவிடவில்லை. இது அவர் கருணையின் குறை என்பதைவிட, சட்டம் என்ற கருவியின் எல்லை என்பதே பொருந்தும். ஆளுகின்றவர் மக்களின் வழக்கத்திலிருந்து ஓரடி முன்னே வைக்கலாம். ஒரு காததூரம் முன்னே போய்விட்டால் ஆணை கல்லில் மட்டுமே இருக்கும்.

தோல் மீதுள்ள ஆசையைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதை, அசோகர் பெரிதும் போற்றிய புத்த சங்கத்தின் விநய நூலே காட்டுகிறது. பிக்குகள் சிலர் சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவற்றின் தோல்களைக் கட்டில் அளவுக்கு வெட்டி விரித்துப் பயன்படுத்தினர். காமத்தில் உழலும் இல்லறத்தாரைப் போல இவர்களும் வாழ்கிறார்களே என்று மக்கள் முணுமுணுத்தனர். புத்தர் அத்தோல்களைத் தடை செய்தார். உடனே அவர்கள் மாட்டுத் தோலுக்கு மாறினர். சிராவஸ்தியில் நிகழ்ந்தது இதன் அடுத்த கட்டம். தீய பிக்கு ஒருவர், தமக்குப் பழக்கமான தீய இல்லறத்தான் ஒருவனின் வீட்டுக்குச் சென்றார். அங்கே சிறுத்தைக் குட்டியைப் போலப் புள்ளிகளுடைய அழகிய கன்று ஒன்று நின்றது. பிக்கு அதையே உற்று நோக்கினார். எதற்காக அப்படிப் பார்க்கிறீர்கள் என்று அவன் கேட்க, அதன் தோல் தமக்குப் பயன்படும் என்றார். அவன் கன்றைக் கொன்று தோலை உரித்துக் கொடுத்தான். பிக்கு அதை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார். தாய்ப்பசு பின்தொடர்ந்தது. பசு ஏன் உங்களைத் தொடர்கிறது என்று மற்ற பிக்குகள் கேட்டபோது, தமக்குத் தெரியவில்லை என்றார். மேலாடையில் இரத்தக் கறை படிந்திருந்தது.

பிக்கு கத்தியைத் தொடவில்லை. கொல் என்று சொல்லவும் இல்லை. விலை கொடுக்கவும் இல்லை. பயன்படும் என்று மட்டும் சொன்னார். புத்தர் அவரைக் கடிந்து, கொலைக்குத் தூண்டுவதைத் தடுத்தார். மாட்டுத் தோலையும், பின்னர் எந்தத் தோலையும் பயன்படுத்தலாகாது என்றார். அதற்குப் பிறகும் விலக்கு ஒன்று வந்தது: அவந்தி முதலிய எல்லைப்புற நாடுகளில் செம்மறி, வெள்ளாடு, மான் ஆகியவற்றின் தோலை விரிப்பாகக் கொள்ளலாம் என்று வழக்கத்தை முன்னிட்டு அனுமதி தரப்பட்டது. ஒன்றைத் தடுத்தால் ஆசை மற்றொன்றைத் தேடுகிறது; விதி பின்னாலேயே ஓடுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் சட்டங்களும் இதே பாதையில்தான் நடந்தன. 1972-ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது; வணிகத்தைக் கட்டுப்படுத்தியது. உரிமம் பெற்ற வணிகம் என்ற வாயில் திறந்திருந்ததால், 1986-இல் தனி அத்தியாயம் ஒன்றைச் சேர்த்து, அட்டவணையில் உயர்ந்த காவல் பெற்ற விலங்குகளின் தோலையும் அவற்றால் ஆன பொருட்களையும் விற்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. வெளிநாட்டுப் பண்ணைகளில் வளர்த்துக் கொல்லப்படும் மிங்க், நரி, சின்சில்லா ஆகியவற்றின் தோல்கள் இறக்குமதியாவதற்கு 2017-இல்தான் தடை வந்தது. அசோகர் திறந்து விட்ட வாயிலை அடைக்க இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

மன்னரின் மறு சிந்தனை

ஐந்தாம் தூண் சாசனம் வெளியான அடுத்த ஆண்டு, அசோகர் மற்றொரு சாசனம் எழுதச் செய்தார். ஏழாம் தூண் சாசனம் எனப்படும் அது ஒரே ஒரு தூணில், கோட்லாவில் நிற்கும் அதே தூணில் மட்டும் உள்ளது. தம் ஆட்சியைத் திரும்பிப் பார்க்கும் முறையில் அமைந்தது. சாலையோரம் ஆலமரங்கள் நட்டதையும், கிணறுகள் வெட்டியதையும், மனிதரும் கால்நடைகளும் இளைப்பாற ஏற்பாடு செய்ததையும் கூறிவிட்டு, இவற்றால் விளையும் இன்பம் சிறிதே, முந்திய மன்னர்களும் இவற்றைச் செய்தனர் என்று தாமே அடக்கிச் சொல்கிறார்.

பிறகு மக்களிடையே தர்மம் வளர்ந்தது எவ்வாறு என்று ஆராய்கிறார். இரு வழிகளால் வளர்ந்தது என்கிறார். ஒன்று ஆணைகளாலான நியமம். மற்றொன்று மனத்தை உணர்த்தி இணங்கச் செய்தல். நியமத்துக்கு எடுத்துக்காட்டாக அவர் கூறுவது, இன்ன இன்ன உயிர்களைக் கொல்லக் கூடாது என்று தாம் விதித்த சட்டத்தையே. ஓராண்டுக்கு முன் எழுதிய அந்தச் சட்டம் இலேசானது, உணர்த்துதலே வலிமையானது. உயிர்களுக்குத் தீங்கு செய்யாமையும் கொல்லாமையும் மக்களிடையே பெருகியது உணர்த்துதலால்தான் என்று முடிவு செய்கிறார்.

சட்டத்தை அவர் திரும்பப் பெறவில்லை. காட்டுவாழ் மக்களை எச்சரித்தபோதுகூட, தாம் வருந்திய மன்னரே ஆனாலும் தண்டிக்கும் ஆற்றல் உடையவர் என்பதை அவர் மறைத்ததில்லை. ஆணை என்ற வேலி இருக்கட்டும், ஆனால் பயிரை வளர்ப்பது வேலி அன்று என்பதை ஆட்சிப் பீடத்தில் இருந்துகொண்டே கண்டறிந்தவர் அவர். தர்ம மகாமாத்திரர் என்ற அதிகாரிகளை அவர் முடிசூடி 13 ஆண்டுகள் கழித்து நியமித்ததும், பேச்சு மொழியிலேயே சாசனங்களை எழுதச் செய்ததும், மேற்கெல்லையில் கிரேக்கரின் மொழியில் எழுதச் செய்ததும் இந்த உணர்த்துதலுக்காகவே. அறநூல் கற்ற அறிஞர் ஒருவர் இம்முடிவுக்கு வருவது எளிது. கையில் படையும் தண்டமும் உள்ள ஒருவர், தம் சட்டம் தாம் எண்ணிய அளவு பயன் தரவில்லை என்று கல்லில் வெட்டச் செய்வது எளிதன்று.

தூணின் பயணம்

ஏறத்தாழ கி.மு. 232-இல் அசோகர் மறைந்தார். இறுதிக் காலத்தில் அமைச்சர்கள் அவரது கொடைகளைத் தடுத்துவிட, கையில் எஞ்சியிருந்த பாதி நெல்லிக்கனியைச் சங்கத்துக்கு அனுப்பினார் என்று அசோகாவதானம் உருக்கமாகக் கூறும். ஐம்பது ஆண்டுகளுக்குள் மௌரியப் பேரரசு முடிவுற்றது. நாளடைவில் அவர் எழுதிய எழுத்தைப் படிப்பவரும் இல்லாமற் போயினர்.

பதினான்காம் நூற்றாண்டில் தில்லி சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக், இன்றைய ஹரியானாவில் தோப்ரா என்ற கிராமத்தில் இந்தத் தூணைக் கண்டு வியந்து, தில்லிக்குக் கொண்டுவர விரும்பினார். அது எவ்வாறு கொண்டுவரப்பட்டது என்பதை அக்கால வரலாற்றாசிரியர் ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப் விரிவாக எழுதியுள்ளார். தூணைச் சுற்றி இலவம்பஞ்சைக் குவித்து மெத்தைபோல் ஆக்கி, அடியைத் தோண்டி, மெல்ல அதன்மேல் சாய்த்தனர். 42 சக்கரங்களுடைய வண்டி செய்யப்பட்டது. ஒவ்வொரு சக்கரத்திலும் கயிறு பூட்டி ஆயிரக்கணக்கானோர் இழுத்து யமுனைக் கரைக்குக் கொண்டுவந்து, பெரிய படகுகளில் ஏற்றினர். வழியில் கல்லுக்குச் சேதம் நேராதிருக்க, உச்சியிலிருந்து அடிவரை நாணலாலும் பச்சைத் தோல்களாலும் அதனைச் சுற்றியிருந்தனர்.

எத்தனை விலங்குகளின் தோல் அதற்குத் தேவைப்பட்டது என்று அஃபீஃப் எழுதவில்லை. தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லப் பண்டிதர்கள் அழைக்கப்பட்டனர், அவர்களால் இயலவில்லை. கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் அந்த எழுத்தின் புதிரை அவிழ்த்தது 1837-இல். அதன்பின்னரே கிளி, மைனா என்று தொடங்கும் அந்தப் பட்டியலையும், விற்கவும் கூடாது என்ற அந்தத் தொடரையும் மனிதர் மீண்டும் படிக்கலாயினர்.